வேகாத வானம்

நாக்கை நீட்டி அதில் ஒரு மண்கட்டியை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார் என் சகலை. கையை எடுத்துவிட்டார். கட்டி விழவில்லை. கோலிக்குண்டு அளவுள்ள வெள்ளை மண் நாக்கு நுனியில் தொங்குகிறது. அந்தக் கோலத்திலேயே என்னைப் பார்த்துத் தலையாட்டி, முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். நான் உட்கார்ந்து, காலை நீட்டி, கையில் இருந்த பத்திரிகையில் இரண்டு பக்கம் புரட்டிய பிறகுதான் கட்டியைப் பிடுங்கி எடுக்கிறார். "நல்ல மண்ணுண்ணே. நாக்கை விடவே மாட்டேங்குது."

ஒட்டாத மண் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். ஒருமுறை மண் விற்பவர் பரிசோதனைக்கூடத்தில் வாங்கிய சான்றிதழோடு வந்து வாதாடினார். சகலை அதை ஒரு வரி விடாமல் படித்தார். "தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்குது. என் நாக்கு ஒத்துக்கலயே, நான் என்ன பண்ண?" என்று நாக்கை நீட்டியே காட்டினார். நாக்கோடு யார் வாதாட முடியும்? விற்பவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் இவர். ஓவியர்களுக்கு வண்ணம் செய்து விற்கிறார். பல நூறு வருடங்களுக்கு முன்னால் மத்திய அமெரிக்கக் காடுகளில் மாயா மக்கள் சுவர்களில் பூசிய நீலம் ஒன்று உண்டு. மழை, வெயில், பாசி, அமிலம் என்று எதைக் கொண்டுவந்தாலும் அசையாத நீலம். அவுரிச் செடியின் சாயத்தை ஒருவகைக் களிமண்ணுக்குள் புகுத்தி அவர்கள் அதைச் செய்தார்கள். சகலை அதே வழியில் போய், நீலத்தோடு நிற்காமல் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பதினொரு நிறம் செய்து சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார். பெயர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் ஓவியர்கள் எழுதிக் கேட்கிறார்கள்.

நானும் ஓவியன்தான். முப்பத்திரண்டு வருடமாகத் தீட்டுகிறேன். நீங்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தபோது, ஒருவழியாக என்னைப் பற்றி எழுதப் போகிறார்கள் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பேசினேன். "உங்க சகலையைப் பத்தி ஒரு சொற்சித்திரம் வேணும் சார். பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்கதான்" என்றார். வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொறாமை இல்லாதவர் எழுதிய சித்திரம் வேண்டுமானால் அவரை எங்கே பிடிப்பார்களோ, எனக்குத் தெரியாது.

பட்டறை என்பது வீட்டின் பின்பக்கத்துக் கார் ஷெட். கார் ஒன்பது வருடமாக வெளியே மழையில் நனைகிறது. உள்ளே, மூடிப்போன ஒரு ரொட்டிக்கடையிலிருந்து தூக்கிவந்த அடுப்பு; ஆள் உயரம், ஆறு தட்டு. ஜன்னலோரம் பளிங்குப் பலகை, அதன்மேல் கண்ணாடிக் குழவி. அந்தக் குழவியை இரண்டு கையாலும் பிடித்து எட்டுப் போட்டு எட்டுப் போட்டு அவர் வண்ணம் அரைப்பதைப் பார்க்கவேண்டும். இடுப்புக்கு மேலே உடம்பு ஆடும்; கால் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அடுப்பின் தலையில் கோழிமுட்டை வடிவத்தில் ஒரு மணிக்கடிகாரம். மச்சினியின் சமையலறையிலிருந்து ஷெட்டுக்கு வந்தது, திரும்பிப் போகவே இல்லை. அது மணி அடிக்கும்வரை வீட்டுக்கு யார் வந்தாலும் சகலை ஷெட்டை விட்டு வெளியே வர மாட்டார். மாமியார் மயங்கி விழுந்த அன்றுகூட, "இதோ ரெண்டு நிமிஷம்" என்றுதான் குரல் வந்தது. அப்படியும் மாமியாருக்கு அவர் "என் சின்ன மாப்பிள்ளை". நான் வெறும் "பெரியவளோட வீட்டுக்காரர்".

எப்போதும் வெள்ளைச் சட்டைதான். வண்ணத்தோடு புழங்குகிறவர் வெள்ளை உடுத்தலாமா என்று கேட்டால், "எது ஒட்டுது, எது ஒட்டலன்னு தெரியணும்ல?" என்பார். அவர் செய்த வண்ணம் சட்டையில் சிந்தினால் ஓர் அலசலில் போய்விடும். சாயம் மண்ணுக்குள் குடியேறிவிடுவதால் துணிக்கு வராதாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மச்சினி புருஷனை வாய்விட்டு மெச்சுவாள். "ஒரு கறை கிடையாதுக்கா. உன் பாடுதான் திண்டாட்டம்" என்று என் மனைவியிடம் சொல்வாள். என் மனைவி என்னுடைய சட்டைகளை நினைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஓவியக் கல்லூரி வாசலைக்கூட மிதித்தவரில்லை சகலை. வீட்டில் வளரும் பூனைகள் அசிங்கம் செய்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும் மண்ணைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு நிறுவனத்தில் பதினாலு வருடம் மேற்பார்வையாளராக இருந்தார். இந்த உலகப்புகழின் ஊற்றுக்கண் அதுதான், பூனை மூத்திரம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ பழைய அறிவியல் பத்திரிகையைப் படித்தவர், மாயா ஓவியர்கள் நீலத்துக்குப் பயன்படுத்திய களிமண்ணும் தன் காலடியில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் ஒரே மண் என்று கண்டுகொண்டார். அந்தப் பத்திரிகை வருவதற்கு முன்பிருந்தே நான் ஓவியன். அந்தக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று நினைத்து, பக்கத்தைப் புரட்டியவன் நான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினாலு வருடம் பூனைகளுக்காக உழைத்தவரிடம் ஒரு பூனை வரையச் சொல்லிப் பாருங்கள். பூசணிக்காய்க்கு வால் வைத்த மாதிரி ஒன்று வரும். என் அக்காவின் பேத்தி அதைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஆனால் ஓவியக் கண்காட்சிகளில் இப்போது என்னை அறிமுகம் செய்பவர்கள், "இவர் யார் தெரியுமா? அந்த நீலம் செய்யறாரே, அவரோட சகலை" என்கிறார்கள். எதிரில் இருப்பவர் உடனே கை குலுக்குகிறார். குலுக்கும்போது கண் என்னைத் தாண்டி, அவரும் கூட வந்திருக்கிறாரா என்று தேடுகிறது.

அவருடைய வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும். "வேகணும்ணே." தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டால், "பையன் இன்னும் வேகணும்." காப்பி எப்படி என்றால், "தூள் வேகல." தேர்தலில் யார் ஜெயிப்பார் என்றால், "யாருமே வேகலண்ணே." ஒன்பது வருடமாக இதையே கேட்டு எனக்குக் காது மரத்துப்போய்விட்டது.

ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக அட்டைத் துண்டுகளை ஒட்டியிருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப் பூச்சு. பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மீதியை வெயிலுக்குக் காட்டியிருப்பார். வருடம் முடிந்ததும் தாளை உரித்து இரண்டு பாதியையும் ஒப்பிடுவார். வித்தியாசம் தெரிந்தால் அந்தத் தடவை செய்தது முழுவதும் குப்பைக்குப் போகும். வருடக்கணக்கில் காத்திருக்க முடியாத நேரத்துக்கு வேறொரு சோதனை இருக்கிறது. மச்சினியின் நெயில் பாலிஷ் ரிமூவரில் ஒரு குட்டிப் புட்டி எப்போதும் அவருடைய கால்சட்டைப் பையில் இருக்கும்; கொஞ்சம் பஞ்சும் இருக்கும். பஞ்சை நனைத்து வண்ணத்தின் மேல் வைத்து ஒத்துவார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் சரி. நீலம் ஏறினால், சாயம் மண்ணுக்குள் போகாமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "வாசல்லயே நிக்குது, உள்ள போகல" என்பார்.

இனி சொல்ல வேண்டியது அவருடைய கதையைவிட என்னுடைய கதை. ஆனால் அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் பெரிய கூடத்தில் என் படம் ஒன்று தொங்குகிறது. எட்டடி அகலம், ஐந்தடி உயரம், வண்ணத்தோடு முட்டை மஞ்சள்கரு குழைத்துப் பலகையில் தீட்டியது. கீழே ஒரு ஆறு, இரண்டு படகுகள், மீதி முழுக்க வானம். பொது இடத்தில் தொங்கும் என்னுடைய ஒரே படம் அது. ஆறு வருடத்துக்கு முன்னால் அதைத் தீட்டத் தொடங்கியபோதே அந்த வானத்துக்கு எந்த நீலம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சகலையிடம் ஒரு புட்டி கேட்டிருந்தால் பத்துப் புட்டி கொடுத்திருப்பார். அதுதான் வில்லங்கம். கொடுத்திருப்பார், பிறகு என் வானத்தைக் காட்டி எல்லோரும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

ஆகவே அவர் வெளியூர் போயிருந்த ஒருநாள் மச்சினியிடம் போனேன். "உங்கக்கா முகத்துக்குப் பூசக் கேட்டா. அந்த வெள்ளை மண்ணு ஒரு ரெண்டு டப்பா குடும்மா."

அவள் டப்பாக்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ பிடிக்கும். "அக்காவுக்கு எவ்வளவு பெரிய முகம் அத்தான்?"

"கழுத்துக்கும் சேத்து."

சாயம் கடையில் கிடைத்தது. மண் ஐம்பது பங்கு, சாயம் ஒரு பங்கு. இதை அவர் ஒளித்து வைத்ததே இல்லை, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அரைத்ததைத் தட்டில் பரப்பி அடுப்பில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். ஈரம் காயத்தான் அடுப்பு என்று நினைத்தேன். அந்த ஷெட்டில் வெயிலே வராது, பாவம், அடுப்புக்குச் செலவழிக்கிறார். என் வீட்டில் மொட்டைமாடி இருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் பரப்பினேன். மொறுமொறுவென்று காய்ந்தது.

பொடித்துப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய நீலத்தில் எப்போதும் ஒரு பச்சைச் சாயல் இருக்கும். என்னுடையதில் அது இல்லை. ஆழமான, சுத்தமான, அச்சு அசல் நீலம். இந்த மனிதர் அடுப்பில் போட்டு நிறத்தைக் கெடுத்து விற்றுக்கொண்டிருக்கிறார், உலகமும் வாங்கிக்கொண்டிருக்கிறது, நான் ஒரே தடவையில் அவரைத் தாண்டிவிட்டேன் என்று முடிவு செய்தேன். அன்று முழுக்க மாடியில் சீட்டியடித்துக்கொண்டே இருந்தேன். பல் தேய்க்கும்போதும் அடித்ததாக என் மனைவி சொல்கிறாள்.

படத்தைத் திறந்துவைத்த அன்று கூட்டம் கூடியது. வானத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, சகலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்து பலகாரத் தட்டுகளின் பக்கம் போனபோது அவர் மட்டும் தனியாகப் படத்தின் வலது மூலைக்குப் போனார். வானம் ஆற்றைத் தொடும் இடம் அது, நின்றபடி எட்டும் உயரம். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

"வானம் எப்படி சகலை?" என்றேன்.

"படகு ரெண்டும் ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றார்.

அவ்வளவுதான். வானத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. நீலத்தையே தொழிலாகக் கொண்டவர், என் நீலத்தைப் பார்த்து வாயடைத்துப் போய்ப் படகைப் புகழ்கிறார் என்றால் அதற்குப் பெயர் பொறாமை. அதை நான் நன்றாக அறிவேன், தினமும் அதோடுதான் எழுந்திருக்கிறேன். கண்காட்சிகளில் யாராவது என்னை 'அவரோட சகலை' என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் படகு வாக்கியத்தை நினைத்துக்கொள்வேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

மூன்றாவது வருடம் வானம் வெளுக்கத் தொடங்கியது. எதிரே பெரிய ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம். ஐந்தாவது வருடம் சாம்பல் நிறமாகிவிட்டது. சட்டகத்தை ஒட்டி மறைந்திருந்த விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு நீலம் மிச்சம் இருந்தது, எப்படி இருந்தேன் தெரியுமா என்று சொல்லிக்காட்டுகிற மாதிரி. நூலகப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். எடுத்த புத்தகங்களை மனைவியிடம் கொடுத்தனுப்பினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் நூலகத் தலைவி தொலைபேசியில் பேசினார். நல்ல அம்மாள், யார் மனமும் நோகாமல் பேசுகிறவர்.

"சார், பாக்கறவங்க எல்லாம் இது மழைக்காலப் படமான்னு கேக்கறாங்க. கீழ இருட்டறையில பத்திரமா வச்சிடலாம்னு குழுவுல பேசினோம்."

"அந்தச் சுவரு?"

"அதுல உங்க சகலையோட வண்ணங்களைக் காட்சிக்கு வைக்கலாம்னு. மாயா ஓவியத்தோட வரலாறு எல்லாம் போட்டு. அவர்தான் பிடிகொடுக்க மாட்டேங்கறார். அங்க எங்க அண்ணன் படம் இருக்குதேன்னு சொல்லிட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பார் சார்."

என் படத்தை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு அவரை நானே அழைத்துவர வேண்டும். வானத்தைச் சரிசெய்துவிடுகிறேன், ஒன்றரை மாதம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அதுவரை சுவரைத் தொட மாட்டோம், அதற்குள் ஆகவில்லை என்றால் இறக்கத்தான் வேண்டும் என்றார். மாடியில் இன்னும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் இன்னும் மூன்று வருடத்துக்குத்தான் வரும். என் நீலத்தில் எங்கே கோளாறு என்று எனக்கே தெரியாது. தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. "கேட்டா வாய் தேஞ்சிடாது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, கேட்காமலே திரும்பி வந்தேன். நான்காவது ஞாயிறு சகலை ஷெட்டில் இருந்தார். அடுப்பில் தட்டு, மணி இன்னும் அடிக்கவில்லை. முன்னறையில் மச்சினி சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அதில் ஒன்றின் பையில் மட்டும் கட்டைவிரல் அளவில் ஒரு நீலக் கறை.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் நீலம் கறையே படாதுன்னு பீத்திக்குவே?" என்றேன். ஒன்றாவது சிக்கியதே என்ற சந்தோஷம் எனக்கு.

"அவரு நீலம்னா ஒரு அலசல்ல போயிருக்குமே அத்தான். இது என்ன கருமமோ தெரியல, எதுல ஊறப் போட்டாலும் போக மாட்டேங்குது. தூக்கிப் போடுங்கன்னா அதுவும் மாட்டேங்கறாரு. லைப்ரரில உங்க படத்தத் திறந்தாங்களே, அன்னிக்குப் போட்டுட்டு வந்த சட்டை."

இஸ்திரிப் பெட்டி கறையின் மேல் போய் வந்தது. எனக்கு அந்த முதுகு ஞாபகம் வந்தது. குனிந்து நின்றது, பையைத் தடவிக்கொண்டே திரும்பியது, படகைப் புகழ்ந்தது. நீலம் ஏறிய பஞ்சை யார் கண்ணிலும் படாமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆறு வருடமாக நான் தைலம் மாதிரி தடவிக்கொண்டிருந்த அந்தப் பொறாமை, அவருடைய பொறாமை, அப்படி ஒன்று இருக்கவே இல்லை. அது போனதுதான் எனக்கு முதலில் வலித்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சூடு ஆறாத சட்டையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முட்டைக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்குண்ணே. உக்காருங்க."

"அன்னிக்கே தெரியுமா?"

"பஞ்சு நீலமாயிடுச்சு."

"மண்ணு எடுத்தது?"

"உங்க மச்சினி சொன்னா, அக்கா முகத்துக்குப் பூசன்னு. அண்ணி முகத்தப் பாத்தேன், எப்பவும்போலத்தான் இருந்துச்சு. அப்புறம் உங்க வானத்தப் பாத்தேன்."

"ஆறு வருஷமா ஏன்யா சொல்லல?"

கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் எதுவும் இல்லை. "சொன்னா நீங்க ஞாயித்துக்கிழமை வர மாட்டீங்க."

உண்மைதான். வந்திருக்க மாட்டேன். அவர் சிரித்திருந்தால், கோபப்பட்டிருந்தால், திருட்டு மண் என்று ஒரு வார்த்தை குத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக வெறுக்கக்கூட விடாத மனிதரை என்ன செய்வது? மணி அடித்தது. அவர் தட்டை வெளியே இழுத்தார். உள்ளே போகும்போது கருநீலமாக இருந்திருக்க வேண்டிய பொடியில் அந்தப் பச்சைச் சாயல் ஏறியிருந்தது. நான் கெடுதல் என்று நினைத்த அதே சாயல்.

"காய வைக்கறதுக்கு இல்லண்ணே அடுப்பு" என்றார், நான் கேட்காமலே. "இந்த மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குது, வரிசையா. அதுல தண்ணி குந்தியிருக்கும். சூடு பட்டாத்தான் அது எழுந்து போகும். போன இடத்துல சாயம் போய் உக்காரும். உக்காந்துட்டா அப்புறம் யாராலயும் கிளப்ப முடியாது. அதான் வேகணும்ங்கறேன்."

"எனக்கு நீலம் வேணும் சகலை." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த நான்கு வார்த்தைக்கு எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

"புட்டி தர மாட்டேண்ணே."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"என்னோடத நீங்க பூசினா, அந்தப் பக்கம் போறப்பல்லாம் அது என் வானம்னு உங்களுக்குத் தோணும். அப்புறம் அந்தப் படத்தப் பாக்கவே உங்களுக்குப் பிடிக்காது. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?" மண் மூட்டையை என் பக்கம் தள்ளினார். "நீங்களே அரைங்க. நீங்களே வேக வைங்க. அடுப்பு இருக்குது."

இவ்வளவு வருடமும் நான் எதை மறைத்து வைத்திருந்தேனோ, அதை அவர் ஜன்னல் அட்டை மாதிரி வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கூசியது. ஆனாலும் மூட்டையை அவிழ்த்தேன்.

இரண்டு நாள் அரைத்தேன். தோள்பட்டை கழன்றது. மூன்றாம் நாள் தட்டுகளை அடுப்பில் வைத்து முக்காலியில் உட்கார்ந்தேன். சூட்டைக் கூட்டிவிடக் கூடாது என்று மட்டும் சொன்னார். கூட்டினால் ஊதாப் புகையாகச் சாயம் பறந்துவிடுமாம். அதன் பிறகு என் பக்கமே வரவில்லை. முட்டைக் கடிகாரம் ஐந்து முறை மணி அடிக்க வேண்டும். மச்சினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அக்கா முகத்துக்கா அத்தான்?" என்றாள். நான்காவது மணிக்கு மேல் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதை அழகில்லை என்று எழுத எனக்கு ஆசைதான், கை வரவில்லை.

பழைய வானத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நூலகம் திறப்பதற்கு முன்னால் ஏழு காலை ஏணியில் நின்று தீட்டினேன். ஏழாம் நாள் நூலகத் தலைவி வந்து பார்த்தார். சுவர் என் படத்துக்கே, சகலையின் வண்ணங்களுக்கு மாடியில் இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிறகு, "உங்க சகலையோட நீலம்தானே சார்?" என்றார்.

"இல்லை. என்னோடது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அடுப்பு மட்டும் அவரோடது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை சகலை வந்தார். கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கறைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வானத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை படகைக்கூடப் புகழவில்லை. பையிலிருந்து குட்டிப் புட்டியையும் பஞ்சையும் எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு படத்துக்கும் எனக்கும் முதுகைக் காட்டி, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.

பஞ்சை நனைத்து வலது மூலையில் அதே இடத்தில் வைத்து ஒத்தினேன். வெள்ளை. அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைதான். இன்னும் அழுத்தினேன். உள்ளதைச் சொல்கிறேன், என் படம், என் வானம், என் ஒரே சுவர், அப்படியும் ஒரு துளி நீலம் ஏறிவிடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. அவருடைய முறை ஒரே ஒரு தடவை தப்பிப்போகாதா?

தேய்க்கும் சத்தம் நின்றதும் சகலை திரும்பாமலே கையைப் பின்பக்கம் நீட்டினார். பஞ்சை அந்த உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. அப்படியே சட்டைப் பையில், அந்தக் கறை இருந்த பையில், போட்டுக்கொண்டார்.